மோட்டார் சைக்கிளின் குற்றம் அறிதலும் நம்பகம் அளத்தலும்

வாங்கியவன் திரும்பி வந்து விற்றவனிடம் குறை கூறுதல் உலக வழக்கு. விற்றவனே வாங்கியவனைத் தேடிச் சென்று, "யாம் செய்த பொருளிற் குற்றம் உளது, கொண்டு வருக, செலவின்றித் திருத்தித் தருவோம்" என்று கூறுதல் அவ்வழக்கிற்கு முற்றும் மாறானது. ஆயினும் மோட்டார் வாகனத் தொழிலில் இஃது அடிக்கடி நிகழ்கின்றது. ஆங்கிலத்தில் "றீகோல்" என வழங்கும் இதனைத் தமிழில் மீளழைப்பு எனலாம்.

மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க எண்ணுபவர், சிறப்பாகப் பிறர் ஓட்டிய ஒன்றை வாங்க எண்ணுபவர், அறியவேண்டிய வினாக்கள் இரண்டு உள. அந்த யந்திரத்தில் உயிருக்கு ஊறு செய்யவல்ல குற்றம் யாதேனும் கண்டறியப்பட்டுத் திருத்தப்படாது கிடக்கின்றதா என்பது ஒன்று. அவ்வினம் நாட்பட உழைக்குமா, அடிக்கடி பழுதுறுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, மீளழைப்புப் பெற்ற யந்திரம் தாழ்ந்தது, பெறாதது உயர்ந்தது எனத் தீர்ப்பளிப்போர் மிகப் பலர். அத்தீர்ப்புப் பொருந்தாது என்பதும், ஒவ்வொரு வினாவுக்கும் விடை வெவ்வேறு இடத்தில் உளது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும். நான்கு சில்லு வாகனத்தில் ஓர் உறுப்புப் பழுதுற்றால் ஓட்டுநரைச் சூழ்ந்து இரும்புக் கூடு ஒன்றாவது உண்டு. இரு சில்லு வாகனத்தில் அதுவும் இல்லை. ஆதலின் இவ்வாராய்ச்சி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கு ஏனையோரினும் வேண்டற்பாலது.

மீளழைப்பு என்பது கம்பனிகளின் நற்குணத்தினால் மட்டும் தோன்றியதன்று. 1965ஆம் ஆண்டிலே றால்வ் நேடர் என்னும் அமெரிக்க வழக்கறிஞர், மோட்டார்க் கார்களின் அமைப்பிலுள்ள ஆபத்துக்களை எடுத்துக்காட்டி ஒரு நூல் வெளியிட்டார். செவ்ரோலெற் கம்பனியின் கோர்வெயர் என்னுங் காரைப் பற்றியது அதன் முதல் அதிகாரம். விபத்துக்கு ஓட்டுநரே காரணர் என்று அதுகாறும் நம்பியிருந்த மக்கள், செய்தவன் பொறுப்பைப் பற்றியும் வினாவத் தொடங்கினர். அடுத்த ஆண்டு, 1966 செத்தெம்பரிலே, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறிற்று. குற்றம் கண்டால் வாகன உடைமையாளருக்கு அறிவித்தல் வேண்டும் என்றே அச்சட்டம் முதலில் விதித்தது. செலவின்றித் திருத்திக் கொடுத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே வந்தது. "உமது வாகனத்தின் பிறேக் ஆபத்தானது, திருத்துஞ் செலவு உம்முடையது" என்று கடிதம் எழுதியும் சட்டத்தை நிறைவேற்றியவராதல் அந்த எட்டாண்டுக் காலத்தில் இயல்வதாயிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தல் தகும்.

எல்லாக் குறையும் மீளழைப்புக்கு உரியதாகாது. பிறேக் பிடியாது போதல், கைபிடி திடீரென இறுகுதல், பெற்றோல் கசிந்து தீப்பற்றும் நிலை உண்டாதல், சில்லு உடைதல், ஓடும்போது யந்திரம் சடுதியாக நின்றுவிடுதல் போன்று விபத்துக்கு ஏதுவாவனவே பாதுகாப்புக் குற்றங்கள். வர்ணம் மங்குதல், மேற்பரப்பிலே துரு ஏறுதல், யந்திர எண்ணெய் அளவுக்கு மிஞ்சிச் செலவாதல் முதலியன உடைமையாளருக்கு எவ்வளவு சினம் ஊட்டுவனவாயினும் இவ்வகுப்பில் அடங்கா. பிறேக் கட்டை, பற்றரி போன்று தேய்ந்து மாற்றப்படவேண்டிய உறுப்புக்கள் தேய்தலும் அவ்வாறே. இப்பிரிவை மனத்திற் கொள்ளின், மீளழைப்பு ஒன்றும் இல்லாத மோட்டார் சைக்கிள் மாதமொருமுறை கராச்சுக்குப் போவதும், மீளழைப்பு மூன்று பெற்ற ஒன்று பத்தாண்டு இடரின்றி ஓடுவதும் எங்ஙனம் நிகழக்கூடும் என்பது விளங்கும்.

குற்றம் வெளிப்படும் வழிகள் இரண்டு. செய்த கம்பனி தன் சோதனையினாலோ முகவர்களிடமிருந்து வரும் செய்தியினாலோ தானே கண்டறிதல் ஒரு வழி. ஓட்டுநர்கள் அரசாங்கத்துக்கு முறையிட, அரசாங்கம் விசாரணை தொடங்குதல் மற்றைய வழி. அமெரிக்காவில் இவ்விசாரணையை நடத்துவது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம். பாதுகாப்புக் குற்றம் உண்டெனத் துணிந்த கம்பனி ஐந்து வேலைநாட்களுள் அந்நிருவாகத்துக்கு அறிவித்து, அறுபது நாட்களுள் உடைமையாளருக்குக் கடிதம் அனுப்புதல் வேண்டும். கடிதமோ பதிவேட்டிலுள்ள பெயருக்கும் விலாசத்துக்குமே போகும். யந்திரம் கைமாறிப் பதிவு மாறாதிருப்பின், முன்னையவர் வீட்டிலே கடிதம் கிடக்க, குற்றமுள்ள யந்திரத்தைப் பின்னையவர் ஓட்டிக்கொண்டிருப்பார். மீளழைப்பு முறையில் எமக்குப் பெருங் குறையாகத் தோன்றுவது இதுவே. மோட்டார் சைக்கிள்களோ கைமாறுவதில் வல்லன. ஆகவே இரண்டாவது, மூன்றாவது உடைமையாளர் கடிதத்தை எதிர்பார்த்திராது தாமே தேடுதல் வேண்டும்.

தேடுவதற்குத் திறவுகோல் யந்திரத்தின் சட்டத்திலே பொறிக்கப்பட்ட இலக்கம். மோட்டார் சைக்கிள்களில் இது பெரும்பாலும் முன்புறத்திலே, கைபிடித் தண்டு சட்டத்தினூடே செல்லும் கழுத்துப் பகுதியிற் காணப்படும். கைபிடியை ஒரு புறம் முற்றாகத் திருப்பித் தூசியைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும். 1981ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் இவ்விலக்கம் 17 குறிகள் கொண்டதாக வரையறுக்கப்பட்டது. இன்று உலகின் பெரும்பகுதியிலும் அதுவே முறை. ஆங்கில எழுத்துக்களும் எண்களும் அதிற் கலந்து வரும். ஐ, ஓ, கியூ என்னும் மூன்றெழுத்தும் வருவதில்லை. ஒன்று, சுன்னம் என்னும் எண்களோடு அவை மயங்கும் என்பதே காரணம். ஆதலின் பதிவுப் புத்தகத்தில் ஓ என எழுதப்பட்டிருப்பின் அது எழுதுவினைஞரின் பிழை, சுன்னமாகவே கொள்ளத்தக்கது.

முதன் மூன்று குறிகளும் செய்த நாட்டையும் கம்பனியையும் காட்டும். ஜே என்று தொடங்கின் யப்பான். ஒன்று என்னும் எண்ணோடு தொடங்கின் ஐக்கிய அமெரிக்கா. இந்தியாவிற் செய்யப்பட்டவை எம் என்னும் எழுத்தோடு தொடங்கும்: எம்.டி.2 என்பது பஜாஜ், எம்.டி.6 என்பது ரி.வி.எஸ்., எம்.பி.எல். என்பது ஹீரோ, எம்.ஈ.3 என்பது றோயல் என்பீல்ட், எம்.ஈ.4 என்பது இந்திய ஹொண்டா. நமது வீதிகளில் ஓடுவனவற்றுட் பெரும்பாலானவை இவ்வினத்தனவாதலின் மாணவர்கள் தெருவோரத்தில் நிற்கும் யந்திரங்களைக் கொண்டே இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

அமெரிக்க முறையில் ஒன்பதாவது குறி கணித மாணவரின் கருத்தைக் கவரத்தக்கது. அது எதனையும் பெயரிடுவதன்று. ஏனைய பதினாறும் சரிவர எழுதப்பட்டனவா என்பதைச் சோதிப்பதற்கென வைக்கப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. பதினேழு இடங்களுக்கும் முறையே 8, 7, 6, 5, 4, 3, 2, 10, 0, 9, 8, 7, 6, 5, 4, 3, 2 எனப் பெருக்கெண்கள் உள. ஒவ்வொரு குறியின் மதிப்பையும் அதன் இடத்துப் பெருக்கெண்ணாற் பெருக்கிக் கூட்டி, வந்த தொகையை 11ஆற் பிரித்தால் எஞ்சும் மீதியே ஒன்பதாவது குறியாக இருத்தல் வேண்டும். மீதி 10 ஆயின் எக்ஸ் என்னும் எழுத்து இடப்படும். பதினேழு இடத்திலும் ஒன்று என்னும் எண்ணையே இட்டுப் பார்க்க: தொகை 89, பதினொன்றாற் பிரிக்க மீதி 1, ஒன்பதாவது குறியும் 1. எனவே அவ்விலக்கம் கணக்குக்கு ஒத்ததாகும், அத்தகைய மோட்டார் சைக்கிள் உலகில் இல்லையாயினும்! ஓர் எண்ணை மாற்றி எழுதிய பிழையையும் திருட்டு யந்திரத்துக்குச் சிந்தியாது இட்ட பொய் இலக்கத்தையும் இக்கணக்குப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பத்தாவது குறி மாதிரியாண்டையும் பதினொன்றாவது செய்த தொழிற்சாலையையும் குறிப்பன. பிற நாட்டுக் கம்பனிகள் இவ்விடங்களை வேறு விதமாகப் பயன்படுத்துதலும் உண்டு.

சட்டத்திலுள்ள இலக்கமும் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கமும் ஒத்திருத்தல் கண்டபின், அதனைக் கம்பனியிடமோ முகவரிடமோ கொடுத்து வினாவலாம். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு தொடக்கம், ஆண்டுக்கு 5,000க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை விற்கும் கம்பனிகள், இலக்கத்தை இட்டவுடன் அந்த யந்திரத்துக்குரிய மீளழைப்பைக் காட்டும் வசதியை இணையத்தில் இலவசமாக அளித்தல் வேண்டும் என விதி உண்டாயிற்று. பாதுகாப்பு நிருவாகமும் அத்தகைய வசதியை நடத்துகின்றது. ஆயினும் விடையைப் பொருளறிந்து வாசித்தல் வேண்டும். அங்கே காட்டப்படுவன இன்னும் நிறைவேற்றப்படாத மீளழைப்புக்களே. முன்னரே திருத்தப்பட்டவை காட்டப்படா. நேற்று அறிவிக்கப்பட்ட மீளழைப்புக்குரிய இலக்கங்கள் இன்றே பட்டியலில் ஏறியிருக்கும் என்பதும் இல்லை. பிற நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட யந்திரத்தின் இலக்கத்தை அமெரிக்கப் பட்டியல் அறியாது. ஆகவே "யாதும் இல்லை" என்னும் விடை, "இப்பட்டியலில், இன்று, யாதும் இல்லை" என்பதற்கு மேலாக ஒன்றும் கூறுவதன்று. யந்திரத்தின் பெயரையும் மாதிரியாண்டையும் கொண்டு மற்றுமொரு முறை தேடின், அவ்வினத்துக்கு இதுவரை வந்த மீளழைப்புக்கள் யாவும் தெரியவரும். அவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் செய்யப்பட்டமைக்குப் பற்றுச்சீட்டோ சேவைப் புத்தகத்திற் குறிப்போ உண்டா என விற்பவரைக் கேட்பது நன்று.

இனி, மீளழைப்பு எத்தகையது என்பதை உண்மை நிகழ்ச்சிகளாற் காண்போம்.

2018 பெப்புருவரியில் ஹாலி டேவிட்சன் கம்பனி 2008 முதல் 2011 வரையுள்ள மாதிரியாண்டுகளுக்குரிய நெடும்பயண மோட்டார் சைக்கிள்களையும் வேறு சில இனங்களையும் மீள அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் அவை ஏறக்குறைய 175,000. உலகம் முழுவதும் 250,000க்கு மேல். சில்லு பூட்டாது காக்கும் பிறேக் அமைப்பிலுள்ள வால்விலே படிவு உண்டாகி, பிறேக் முன்னறிவிப்பின்றிச் செயலற்றுப்போகக் கூடும் என்பது குற்றம். அப்படிவு எங்ஙனம் உண்டாயிற்று? பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. நாட்சென்ற எண்ணெய் குறைந்த வெப்பத்திலே கொதிக்கும். உள்ளிருக்கும் உலோகத்தையும் அரிக்கும். அதனாலேயே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுக எனக் கம்பனியின் கைந்நூல் கூறிற்று. உடைமையாளர் பலர் மாற்றினாரல்லர்.

இங்கே ஓர் அறநெறி வினா எழுகின்றது. கைந்நூலிற் கூறியதைச் செய்யாதவன் தவறுக்குச் செய்தவன் பொறுப்பாவனா? பாதுகாப்பு நிருவாகம் 2016 யூலையிலே விசாரணை தொடங்கியபோது அதன் முன் இருந்தவை 43 முறைப்பாடுகளும், மூன்று விபத்துக்களும், அவற்றால் இருவர் காயமுற்ற செய்தியுமே. ஓடிய யந்திரங்களின் தொகையோடு ஒப்பிடின் இவை மிகச் சில. ஆயினும் எண்ணெய் மாற்ற மறந்தவனுக்குக் கிடைக்கும் தண்டனை, பிறேக் சிறிது தளர்தல் என்னும் அளவில் நில்லாது, நெம்பை அழுத்த ஒன்றும் நிகழாமை என்னும் எல்லைக்குச் சென்றது. மனிதர் மறப்பர் என்பது எந்தப் பொறியியலாளரும் அறிந்த செய்தி. மறதிக்கு எச்சரிக்கை தராது உயிரையே விலையாகக் கேட்கும் அமைப்பைக் குற்றமுள்ளது என்று கொள்ளுதலே முறை என்பது எமது துணிபு. மீளழைப்பிற் செய்யப்பட்ட பரிகாரமோ மிக எளிது: பழைய எண்ணெயை முற்றாகக் கழுவி நீக்கிப் புதியது இடுதல். முன்னரே செய்திருந்தால் ஒரு பிற்பகல் வேலை.

இரண்டாவது நிகழ்ச்சி, உழைப்பிற் பெயர்பெற்ற ஹொண்டா கம்பனியைச் சார்ந்தது. கோல்ட் விங் என்னும் அதன் பெரும் பயண யந்திரத்திலே முன் பிறேக்கைப் பிடித்தால் பின் பிறேக்கும் ஓரளவு சேர்ந்து இயங்கும் இணைப்பு உண்டு. அவ்விணைப்பிலுள்ள துணைச் சிலிண்டர் பழுதுற்றால், கையை எடுத்த பின்னரும் பின் பிறேக் விடாது உராய்ந்துகொண்டே இருக்கும். ஓட்டுநர் உணராது மேலும் ஓட்டின் வெப்பம் மிகுந்து தீயும் பற்றலாம். 2011 டிசெம்பரில் அமெரிக்காவிலே ஏறக்குறைய 126,000 யந்திரங்கள் இதற்காக அழைக்கப்பட்டன. முகவர்கள் துணைச் சிலிண்டரைச் சோதித்தனர். சோதனையில் தேறியவற்றை அவ்வாறே அனுப்பினர். தேறியவற்றுட் சிலவும் பின்னர் அதே குற்றத்தைக் காட்டின. ஆகவே 2014ஆம் ஆண்டில் மீண்டும் அழைத்து உறுப்பையே மாற்ற நேர்ந்தது. இந்நிகழ்ச்சியில் வாங்குபவர் கற்கத்தக்கது ஒன்று உண்டு. "மீளழைப்பு வேலை முடிந்தது" என்று விற்பவர் கூறும்போது, உறுப்பு மாற்றப்பட்டதா, பார்க்கப்பட்டது மட்டுமா, எந்த ஆண்டு என மேலும் வினாவுதல் வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சி நமக்கு அணித்தானது. இங்கிலாந்தின் றெடிச் நகரத்து என்பீல்ட் கம்பனியும் மட்ராஸ் மோட்டார்ஸும் கூடி 1955ஆம் ஆண்டிலே சென்னையில் தொடங்கிய தொழிலே, தாய்க் கம்பனி மறைந்த பின்னரும் றோயல் என்பீல்ட் என்னும் பெயரோடு வாழ்கின்றது. 2021 மே மாதத்தில் அக்கம்பனி, 2020 டிசெம்பருக்கும் 2021 ஏப்பிரலுக்கும் இடையிற் செய்யப்பட்ட மீற்றியோர், கிளாசிக், புல்லற் என்னும் 350 இனங்களில் 236,966 யந்திரங்களை மீள அழைத்தது. வெளியாரிடமிருந்து வாங்கிய தீப்பொறிச் சுருளிலே குற்றம் காணப்பட்டது. அதனால் யந்திரம் விட்டுவிட்டு எரியலாம், வலு குறையலாம், மிக அருகி மின் குறுஞ்சுற்றும் உண்டாகலாம். இந்தியாவில் விற்றவற்றோடு தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் விற்றவையும் இதில் அடங்கின. அழைக்கப்பட்டவற்றுட் பத்திலொரு பங்குக்கும் குறைந்தவற்றிலேயே உறுப்பு மாற்ற வேண்டியிருக்கும் எனக் கம்பனி மதிப்பிட்டது.

இவ்வெண்களை நோக்குக. 236,966 என்பது பேரெண். செய்தித்தாளின் தலைப்பில் அது கம்பனியின் பெருந்தோல்வி போலத் தோன்றும். குற்றமுள்ள உறுப்பு எந்தெந்த யந்திரத்திற் புகுந்தது எனப் பிரித்தறிய இயலாதபோது, ஐயத்துக்குரிய காலத்திற் செய்த அனைத்தையும் அழைத்தலே கம்பனி செய்யத்தக்கது. எனவே மீளழைப்பின் எண், குற்றத்தின் அளவைக் காட்டிலும் ஐயத்தின் அகலத்தையே காட்டுகின்றது. அதே கம்பனி 2021 டிசெம்பரிலே 26,300 கிளாசிக் யந்திரங்களை வேறொரு காரணத்துக்காக அழைத்தது. பின் பிறேக்கை மிகுந்த விசையோடு சடுதியாக மிதிக்கின், அதனைத் தாங்கும் உறுப்புச் சேதமுறலாம் என்பது காரணம். எண்ணால் இது முன்னையதின் ஒன்பதிலொரு பங்கு. ஓட்டுபவர்க்கு இதனையே நாம் பெரிதாகக் கொள்வோம்.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டு முதல் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் ஏற்பாட்டினால் மீளழைப்புத் தன்விருப்பாக நடைபெற்றது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசாங்கமே கட்டளையிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. 2021 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஏழாண்டுக்கு உட்பட்ட வாகனங்களிலே முறைப்பாடுகள் விற்பனைத் தொகைக்கேற்ப வகுத்த எண்ணிக்கையை எட்டினால் விசாரணையும் மீளழைப்பும் தொடரும். அமெரிக்காவில் இலவசத் திருத்தத்துக்குரிய காலம் முதல் விற்பனையிலிருந்து பதினைந்தாண்டு. பழைய யந்திரங்களையே நம்பி வாழும் நாடுகளுக்கு ஏழாண்டு போதுமோ என்பது ஐயம்.

இனி நம்பகத்துக்கு வருவோம். இதற்குச் சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. கேள்வியறிவே பெரும்பாலார்க்குப் பிரமாணம். "என் தந்தையின் யந்திரம் இருபதாண்டு ஓடிற்று" என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் விற்கப்பட்டு ஐந்தாண்டிற் பழைய இரும்பாய்ப் போனவற்றை நாம் வீதியிற் காண்பதில்லை. எஞ்சியவற்றை மட்டும் எண்ணி முழுவதையும் மதித்தல் ஆராய்ச்சி முறைக்கு ஒவ்வாது. முறைப்பாடுகளின் தொகையை மட்டும் நோக்குதலும் அத்தகையதே. ஓர் இனத்தைப் பற்றி 200 முறைப்பாடும் மற்றோர் இனத்தைப் பற்றி 20 முறைப்பாடும் உள எனக் கொள்வோம். முன்னையது 200,000 விற்றிருக்க, பின்னையது 1,000 மட்டுமே விற்றிருப்பின், முன்னையதிற் பழுது ஆயிரத்துக்கு ஒன்று. பின்னையதில் ஆயிரத்துக்கு இருபது. கீழெண் அறியாத பின்னத்துக்குப் பெறுமானம் இல்லை என்பதைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர்.

கீழெண்ணோடு கூடிய கணக்கு அரிது. அத்தகைய ஒன்றை அமெரிக்காவின் கன்சூமர் றிப்போட்ஸ் என்னும் நுகர்வோர் இதழ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2008க்கும் 2014க்கும் இடையிற் புதிதாக வாங்கிய ஏறக்குறைய 12,300 மோட்டார் சைக்கிள்களைப் பற்றி வாசகர் அளித்த விடைகள் அதற்கு ஆதாரம். ஓடிய தூரத்தின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து, நான்காம் ஆண்டளவில் நூற்றுக்கு எத்தனை யந்திரம் பழுதுற்றது என அவ்விதழ் மதிப்பிட்டது. யமஹா 11, சுசுக்கியும் ஹொண்டாவும் 12, கவசாக்கி 15, விக்ரறி 17, ஹாலி டேவிட்சன் 26, றயம்ப் 29, டுக்காற்றி 33, பி.எம்.டபிள்யூ. 40. மூன்று சில்லுடைய கான் ஆம் 42. யப்பானியக் கம்பனிகள் நான்கும் ஒரு சேர முன்னிற்றல் வெளிப்படை. மின் அமைப்பு, விளக்கு முதலிய துணைக்கருவிகள், பிறேக், எரிபொருள் அமைப்பு ஆகியவற்றிலேயே பழுதுகள் மிகுந்திருந்தன.

அக்கணக்கிலே மற்றொரு வினாவும் இருந்தது: இதனையே மீண்டும் வாங்குவீரா? ஆம் என்றோர் நூற்றுக்கு விக்ரறியில் 80, ஹாலி டேவிட்சனில் 72, ஹொண்டாவில் 70. நூற்றுக்கு 26 பழுதுற்ற யந்திரத்தின் உடைமையாளர், நூற்றுக்கு 12 மட்டுமே பழுதுற்றதன் உடைமையாளரினும் சற்று மகிழ்ந்திருந்தனர்! உடைமையாளரின் புகழுரை யந்திரத்தின் உழைப்பைக் காட்டும் சான்றாகாது என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எல்லோரினும் மேலாகப் புகழப்பட்ட விக்ரறியின் உற்பத்தியோ 2017ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்டது. கம்பனி மறைந்த யந்திரத்துக்கு உதிரி உறுப்புத் தேடுவது நம்பகத்தின் வேறொரு முகம். அஃது எந்தக் கணக்கிலும் அடங்குவதில்லை.

இக்கணக்கையும் அளவறிந்தே கொள்ளுதல் வேண்டும். அவை அமெரிக்க வாசகரின் யந்திரங்கள், பெரும்பாலும் பெரியவை, மின்கருவிகள் மிக்கவை. உறுப்பு மிகுந்தால் பழுதுறத்தக்கது மிகும். நூறு கன சென்ரிமீற்றர் யந்திரத்திலே பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர் ஒருவருக்கு அவ்வெண்கள் நேரே உதவா. எனினும் முறை உதவும்: எத்தனை யந்திரம், எத்தனை ஆண்டு, எவ்வளவு தூரம், எத்தகைய பழுது என்னும் நான்கையும் கேளாது நம்பகம் பற்றிப் பேசல் ஆகாது.

பழுதுகள் காலத்தோடு மாறும் முறையைப் பொறியியலாளர் ஒரு வளைகோட்டினாற் காட்டுவர். குளிக்குந் தொட்டியின் நெடுக்குவெட்டுப் போன்றிருத்தலின் அதற்கு அப்பெயரே வழங்குகின்றது. தொடக்கத்திலே செய்கைக் குறைகளால் பழுது மிகுந்திருக்கும்; பின்னர்த் தாழ்ந்து நெடுங்காலம் சமமாக நிற்கும்; தேய்வினால் ஈற்றில் மீண்டும் உயரும். ஒரு புதிய இனம் வெளிவந்த முதலாண்டிலேயே அதனை வாங்குபவர் தொட்டியின் முதற் சரிவில் நிற்கின்றார். இரண்டு மூன்றாண்டு பொறுத்தவருக்கு முன்னவர் பட்ட அனுபவமும் அதனால் வந்த மீளழைப்புக்களும் இலவசமாகக் கிடைக்கும். ஓட்டத்தூரம் மிகுந்த பழைய யந்திரம் மறுகரையை அணுகியது. ஆங்கே இனத்தின் பெயரைவிட அந்த ஒரு யந்திரம் பேணப்பட்ட வரலாறே பெரிது.

அவ்வரலாற்றை அறிதல் பிரித்தானியாவில் எளிது. மூன்றாண்டு நிறைந்த வாகனம் ஆண்டுதோறும் சோதிக்கப்படுகின்றது. பதிவிலக்கம் ஒன்றை மட்டும் கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் அது ஓடிய தூரம், தேறியதா, தேறாமைக்குக் காரணம் யாது என்பனவற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓட்டத்தூரம் காட்டும் கருவியைப் பின்னோக்கித் திருப்பிய வஞ்சகம் இதனாற் பலமுறை வெளிப்படும். அத்தகைய பதிவு கிடையாவிடத்து யந்திரமே சாட்சி. தயரின் பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது எனப் பொருள்படும். ஐயாயிரம் கிலோமீற்றரே ஓடியதாகக் கூறும் 2016ஆம் ஆண்டு யந்திரத்திலே 2022ஆம் ஆண்டுத் தயர் இருப்பின், அதற்குக் காரணம் கேட்டல் வேண்டும். பிறேக் எண்ணெய்க் கிண்ணத்தின் கண்ணாடியினூடே நோக்கின், புதிய எண்ணெய் பெரும்பாலும் தெளிந்தும், நாட்பட்டது தேநீர்போற் கறுத்தும் தோன்றும். இதனைக் காண்பதற்கு மெக்கானிக் வேண்டுவதில்லை. விற்பவர் கூறும் சேவை வரலாறு மெய்யோ பொய்யோ என்பது பல சமயங்களில் அக்கிண்ணத்திலேயே தெரிந்துவிடும்.

குற்றம் ஒன்றைத் தாமே கண்டவர், அதனைத் தேநீர்க்கடையிற் கூறி அமைதலை விட்டு, செய்த கம்பனிக்கும் முகவருக்கும், முறைப்பாடு ஏற்கும் அரச நிலையம் உள்ளவிடத்து அதற்கும் எழுதுதல் வேண்டும். எழுதும்போது சட்ட இலக்கம் பதினேழு குறியும், ஓடிய தூரமும், நிகழ்ந்த நாளும், அப்பொழுது சென்ற வேகமும், கைநெம்போ கால்மிதியோ எவ்வாறிருந்தது என்பதும், கடைசியாக யந்திரம் பேணப்பட்ட தேதியும் தருதல் வேண்டும். மாற்றிய உறுப்பை எறிந்துவிடாது வைத்திருத்தல் மிக நன்று. 2018ஆம் ஆண்டிலே இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்களை அழைப்பித்த விசாரணை தொடங்கியபோது, அதற்கு அடிப்படையாய் இருந்தவை இத்தகைய 43 முறைப்பாடுகள்.